ஐந்து பேருக்குச் சோறாக்கியவர்

அவர் மௌத்தான அன்று அந்த வீட்டில் ஏழு சஹன் வைத்தார்கள்.

பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, கறியை நடுவில் வைத்து, ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் வழக்கம். அந்தத் தட்டைத்தான் சஹன் என்போம். மையித்து வீட்டில் அடுப்பு எரிப்பதில்லை. அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் சமைத்தார்கள். கல்முனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வந்த சனங்கள், ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்து, பாயில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன்.

"இந்த ஊட்ட இவ்வளவு சனம் இருந்து திண்டு எத்தின நாளாச்சி!" என்றார் ஒருவர், எலும்பைக் கடித்துக்கொண்டே.

 மௌத்தானவர் உயிரோடு இருந்த கடைசி ஒன்றரை வருடத்தில் அந்த வீட்டுக்குள் போய் ஒரு ஆள் சாப்பிட்டதில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவை போனவன் நான்.

அவருடைய பெயரை எழுதவில்லை. இரண்டு ஆண்மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகக்கூடாது. நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டோம்.

பகல் லுஹர் தொழுகை முடிந்து பத்து நிமிடத்தில் மாமா தன் வீட்டு வாசல் படலையடியில் நிற்பார். சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார். வலது கையைக் கழுவி, நீர் சொட்டச் சொட்ட, எங்கேயும் முட்டிவிடாமல் முன்னால் நீட்டிப் பிடித்திருப்பார். அந்தக் கையைப் பார்த்தாலே உள்ளே சோறு இறக்கியாயிற்று என்று தெரிந்துவிடும்.

"திண்டயா மகன்?"

"இல்ல மாமா, இனித்தான்."

"அப்ப வா."

திண்டுவிட்டேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது. "அப்ப ஒரு வாய்க்கு வா. ஒரு வாய்க்கு வயித்துல எடமில்லயா ஒனக்கு?" என்பார். தேங்காய் பறிப்பவர், ஐஸ்கிரீம் வண்டிக்காரர், முகவரி கேட்டு வந்த அந்நியர் என்று ஆள் பார்ப்பதில்லை. கையில் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்.

ஒருமுறை லைட்டு மீட்டர் பார்க்கக் காரைதீவிலிருந்து ஒரு தம்பி வந்தார். நெற்றியில் திருநீறு. மாமா விடவில்லை.

"ஐயா, இண்டைக்கு வெள்ளிக்கிழம. நான் மச்சம் தின்னமாட்டன்."

"மீன ஆரு ஒனக்குத் தந்த? குந்து. பத்து நிமிசம்."

"எனக்கு இன்னும் நாப்பது ஊடு கிடக்கு ஐயா."

"ஊடு எங்கயும் ஓடாது. நீதான் ஓடப் பாக்கா."

சொல்லிக்கொண்டே பூசணித்துண்டு ஒன்றை நறுக்கிப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கிவிட்டார். ஏற்கெனவே ஆக்கியிருந்த மீன் ஆணத்தை மூடி மூலையில் தள்ளினார். அன்று அங்கே இருந்த ஐந்து பேரும் ஒரே சஹனில் பூசணிக்காயும் பருப்பும்தான் சாப்பிட்டோம். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மூலைச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் பாக்காத. மீன் நாளைக்கும் மீன்தான். தம்பி நாளைக்கு வருவானா?" என்றார் மாமா.

அவருக்கு ஐந்து பேருக்குத்தான் சோறாக்கத் தெரியும். சிறுவயதிலிருந்து ஆழ்கடல் போட்டில் சமையல் செய்தவர். போட்டில் ஐந்து பேர். இரண்டு மூன்று கிழமை கரை தெரியாது. மூன்று சுண்டு அரிசி போட்டால் ஐந்து பேர் வயிறு நிறையும். அந்த அளவு கையில் ஏறிவிட்டது. "குறைச்சிப் போட்டா அரிசிக்குக் கோவம் வந்திரும். ஒண்டில் குழையும், இல்லாட்டி வேகாம நிக்கும்" என்பார்.

போட்டில் நடந்த ஒரு கதையை அடிக்கடி சொல்லுவார். இரண்டு பேர் ஏதோ வலை விசயத்தில் கோபித்துக்கொண்டார்களாம். ஒருவன் தன் பங்குச் சோற்றைக் கோப்பையில் வாங்கிக்கொண்டு போய் போட்டின் முனையில், முன்னணியத்தில் தனியே இருந்து சாப்பிட்டிருக்கிறான். ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டார்.

"அஞ்சு கையும் சஹன்ல விழாம இந்தப் போட்டுல சோறு இல்ல எண்டன். நாலு பேரும் என்னத் திண்டுருவாங்க போல பாத்தானுகள். நான் அசையல்ல. பின்னேரம் போல வந்தான். மூஞ்சிய மற்றப்பக்கம் வெச்சிக்கிட்டுத்தான் திண்டான். திண்டானா இல்லயா?"

சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். ஆனால் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். நடுக்கடலில் நாலு பேரைப் பட்டினி போட்டிருக்கிறாரே என்று நினைப்பேன்.

மாமி சீனி வருத்தத்தில் மௌத்தான பிறகுதான் அவர் படலையடியில் நிற்கத் தொடங்கினார். பெண்பிள்ளை இல்லை. எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். மூத்தவர் அட்டாளைச்சேனைக்கும் இளையவர் நிந்தவூருக்கும் அப்படித்தான் போனார்கள். இரண்டு பேரும் வாப்பாவைத் தங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

"போங்களன் மாமா, நேரத்துக்குச் சோறு கிடைக்கும்" என்று நானும் ஒரு நாள் சொன்னேன்.

"சோறு கிடைக்கும் மகன். ஆனா அது மருமகள்ர ஊடு. நான் றோட்டுல போற ஆக்கள அங்க கூப்பிட்டுத் திங்க வெக்கேலுமா?"



நான் ஆட்கள் முன்னால் சாப்பிட வெட்கப்படுகிறவன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்படித்தான். இப்போது இரும்புச் சாமான் கடையில் வேலை. பகல் பார்சலைப் பிரித்துக்கொண்டு பின்பக்கம் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடுவேன். லீவு நாளில் மாமாவின் கண்ணில் படாமல் இருக்கப் பின் ஒழுங்கையால் சுற்றிப் போவேன். ஒரு நாள் அவர் அங்கேயே வந்து நின்றார். கை ஈரமாக இருந்தது.

"எத்தின நாளைக்குடா சுத்துவா? வா."

சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கை போகவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. "நான் சுவரப் பாக்கன். நீ தின்னு" என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கடல்கதை சொல்லத் தொடங்கினார். கை மட்டும் சஹனில் இருந்தது. பார்க்காமலே சூரை மீனின் வயிற்றுத் துண்டை என் பக்கம் விரலால் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு மூன்று தரம் போனேன். வெட்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டில் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. புகை என்றார், தூசி என்றார். உடம்பு வற்றிக்கொண்டு போனது. இளைய மகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். டீபி என்று சொல்லிவிட்டார்கள். சுகாதாரப் பரிசோதகர் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, அவரோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். எல்லோரையும் சோதித்தார்கள். ஒருவருக்கும் இருக்கவில்லை. ஆனால் ஒழுங்கை முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் குளிசை போட்டார். முடிந்ததும் கிளினிக் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி படலையடிக்கு வந்தார்.

"மகன், நீ இங்கிலீசு வாசிப்பாய்தானே. பாரு, என்ன எழுதிரிக்கி? சுகம் எண்டுதானே? இனித் தொத்தாது எண்டு டொக்டர் வாயால சொன்ன."

"அல்ஹம்துலில்லாஹ் மாமா" என்றேன். அட்டையைக் கையில் வாங்கவில்லை. றோட்டில் நின்றே எட்டிப் பார்த்தேன்.

"அப்ப வா. புளியாணம் வெச்சிரிக்கன்."

"திண்டுட்டன் மாமா."

"ஒரு வாய்க்கு?"

"வயிறு சரியில்ல மாமா."

என்னைப்போலத்தான் எல்லோரும். அவர் கேட்ட எல்லோரும் சாப்பிட்டு முடித்தவர்களாகவே இருந்தார்கள். ஐஸ்கிரீம் வண்டி அந்த நேரத்தில் மணியடிக்காமல் போனது. சின்னப்பிள்ளைகளைத் தாய்மார் வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் பின்னேரத் தொழுகையான அஸர் வரைக்கும் நிற்பார். கை காய்ந்துவிடும். உள்ளே போய்க் கழுவிக்கொண்டு மறுபடி வருவார். அப்போதும் ஐந்து பேருக்குத்தான் ஆக்கினார். மிச்சத்தைப் பின்வீட்டுத் தாராக்களுக்குக் கொட்டுவார். "தாரா நல்லாத் திங்குது. கதைக்கத்தான் தெரியா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்ததும் நடையைக் கட்டினேன்.

அந்த நேரத்தில்தான் என் மூத்த மகளின் கலியாணம் வந்தது.

"மாமாக்குச் சொன்னயளா?" என்று மனைவி கேட்டாள்.

"சொன்னன்."

"வருவாரா?"

"வருவார்."

 எங்களுக்குத் தெரியும், அவர் வந்தால் என்ன நடக்கும் என்று. ஆனால் எதிர்வீட்டு மனிதருக்குச் சொல்லாமல் விடவும் முடியாது.

ஆண்களுக்கு எங்கள் வளவில் கூடாரம் அடித்திருந்தோம். மாமா எல்லோருக்கும் முதல் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், அத்தர் வாசனை. முதல் பாயில் முதல் சஹனுக்கு உட்கார்ந்தார். அவரோடு நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். என் மனைவியின் தம்பியும் அதில் ஒருவர். நான் எல்லோருடைய கைக்கும் தண்ணீர் ஊற்றினேன். நெய்ச்சோறு வந்தது. அப்போதுதான் மச்சான் நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்தார்.

"ஆ... மாமாவா! இருங்க, எனக்கு அங்கால ஒரு வேல கிடக்கு" என்று எழும்பினார்.

அடுத்தவருக்கு டெலிபோன் வந்தது. மணியடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மற்ற இரண்டு பேரும் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் பின்னால் இருந்த சஹன்களில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஐந்து பேருக்கான சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. மாமா தனியே இருந்தார். எல்லோரும் சேராமல் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். கழுவிய கையை முழங்காலுக்கு மேலே பிடித்தபடி, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வருவார்கள் என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் உட்கார்ந்திருக்கலாம். பந்தி வைக்கிறவன் கடைசியில் சாப்பிடுவதுதான் முறை. ஆனாலும் மகளின் கலியாணத்தில் வாப்பா ஒரு சஹனில் உட்கார்ந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? கூடாரம் முழுக்க என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.  வீட்டுக்குள்ளே ஓடினேன். கண்ணாடி அலுமாரியில் இருந்த பூப்போட்ட பீங்கான் தட்டை எடுத்து வந்தேன். நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துப் போட்டு, அவர் முன்னால் வைத்துவிட்டுச் சஹனைத் தூக்கினேன். வெளியூரிலிருந்து உத்தியோகத்தர்கள் வந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் தனிப் பீங்கானில் கொடுப்பது. அது மரியாதை. நானும் மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

"இது ஆருக்கு மகன்?"

"உங்களுக்குத்தான் மாமா. வசதியா இரிக்கும்."

"வசதி" என்றார். அந்தச் சொல்லை முதல்முறை கேட்பவர்போலச் சொன்னார்.

ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய, மகளுக்காகச் சத்தமாக துஆக் கேட்டார். இனிப்புக்கு வட்டிலப்பம் வருவதற்கு முதல் எழும்பிப் போய்விட்டார். நான் தூக்கிய சஹனை இன்னொரு பாயில் வைத்தோம். அதில் அவர் கைபடவில்லை என்று என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் மச்சான் சாப்பிட்டார்.

அடுத்த நாள் பகல் அவர் படலையடியில் இல்லை. கலியாணக் களைப்பு என்று நினைத்தோம். அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஒருபோதும் இல்லை. படலை எந்நேரமும் சாத்தியே கிடந்தது. பள்ளியில் கடைசி வரிசையில் மூலையில் தொழுதுவிட்டு யாரோடும் கதைக்காமல் போவார்.

உண்மையைச் சொன்னால், எங்கள் ஒழுங்கை மூச்சு விட்டது. ஐஸ்கிரீம் வண்டி மணியடித்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடினார்கள். நான் முன் றோட்டாலேயே நிமிர்ந்து நடந்தேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதம் போயிருக்கும். மனைவிதான் ஒரு நாள் சொன்னாள்.

"அந்த மனிசன்ட ஊட்டப் பாத்தா எனக்குச் சோறு எறங்குதில்ல."

"நான் என்ன செய்யிற?"

"நீங்கதானே பீங்கான் வெச்ச. நீங்கதான் போகணும். போய் அவரோட குந்தித் தின்னுங்க. வேற ஒண்டும் கதைக்கத் தேவல்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து போனேன். படலையைத் திறந்து குசினி வாசல் வரைக்கும் போய்விட்டேன். அவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு சின்னச் சட்டி. ஒரு பீங்கான். பக்கத்தில் கொஞ்சம் மீன் ஆணம்.

"என்ன மகன்? மகள் சுகமா?"

"சுகம் மாமா." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். "நான்... சோறு திங்க வந்தன்."

 அவர் எழும்பிப் பலகையை எனக்குத் தள்ளிவிட்டார். கைக்குத் தண்ணீர் ஊற்றினார். தன் கையையும் கழுவிக்கொண்டு எனக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தார். சட்டியைப் பீங்கானில் கவிழ்த்து என் பக்கம் நகர்த்தினார்.

"தின்னு."

தின்றேன். மரவள்ளி இலையும் போட்டிருந்தார். நல்ல ருசி. பாதிக்குமேல் போன பிறகுதான் அவர் கை பீங்கானுக்கு வரவே இல்லை என்று கண்டேன்.

"நீங்க தின்னுங்களன் மாமா."

"நீ தின்னு. நான் பிறகு பாப்பன்."

சட்டியை எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"முக்காச் சுண்டுதான் மகன் போடுற" என்றார். "ஒரு ஆளுக்கு ஆக்கிப் பழகிட்டன். முதல் நாலஞ்சு நாள் ஒரே குழையல். இப்ப சரியா வருது."

பீங்கானை அவர் பக்கம் தள்ளினேன். அவர் திருப்பித் தள்ளினார். "வந்த ஆள் அரை வயித்தோட போகேலா" என்றார். குரலில் கொஞ்சம் பழைய அதட்டல் இருந்தது. நான் முழுவதையும் தின்று முடித்தேன். அவர் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை. ஆனால் முகம் தெளிந்திருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, வாளை மீன் ஒன்று வலையை அறுத்த கதையைச் சொன்னார்.

போக எழும்பியபோது கேட்டார்.

"வாற வெள்ளியும் வருவயா?"

"ஓம் மாமா. கட்டாயம் வாறன்."

"அப்ப நான் சஹன எறக்கிக் கழுவி வெக்கன். ஒன்ட மச்சானையும் கேட்டுப் பாரு. வராட்டிப் பரவால்ல. நீ வா."

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு வேலை ஒன்றும் இல்லை. நோயும் இல்லை. ஜும்ஆ முடிந்து பள்ளியிலிருந்து இறங்கும்போது அவர் எனக்கு முன்னால் வேகமாகப் போவதைக் கண்டேன். கையில் மீன் பை தொங்கியது. பட்டினி கிடந்த மனிதரின் சோற்றைத் தின்றுவிட்டேனே, இனி எந்த முகத்தோடு அவர் முன்னால் உட்காருவது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே கடைப்பக்கம் நடந்தேன். பின்னேரமாகிவிட்டால் இன்றைக்கு இல்லை, அடுத்த கிழமை என்று ஆகிவிடும் என்று காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சோறு போடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"அஸர் வாங்கு சொல்லும் வரைக்கும் அந்தப் படல திறந்து கிடந்திச்சி" என்று மட்டும் சொன்னாள்.